ஆத்தாவின் ஜெர்மன் பொம்மைகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர்களுக்கு என்னைக் கண்டால் சிரிப்பு வரும். எந்தப் பீங்கான் பொம்மையை நீட்டினாலும் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. வாங்கியதும் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். "ஆச்சி வந்துவிட்டார்கள், பொம்மைகளுக்கெல்லாம் தலைசுற்றப் போகிறது" என்பார் ஒருவர். சொல்லிவிட்டுப் போகட்டும். வெள்ளை முகம், ரோஜாக் கன்னம், மடிப்பு மடிப்பாய் விரிந்த பாவாடை இருந்தால் அந்தத் தெருவில் அதற்குப் பெயர் "ஜெர்மன்". பாரிஸில் செய்ததும் ஜெர்மன்தான், ஜப்பானில் செய்ததும் ஜெர்மன்தான். போன வருஷம் சீனாவிலிருந்து வந்த பிசின் பொம்மைக்குத் தேயிலைச் சாயம் பூசி வைத்திருந்தாலும் அதுவும் ஜெர்மன்.

அடியில் ஆங்கில எழுத்தில் 'ஜெர்மனி' என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிச் சாமானில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் ஒரு சுங்கச் சட்டம் போட்டது. மறு வருஷம் மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே சரக்கு விற்க நினைத்த ஐரோப்பியத் தொழிற்சாலைகள் முத்திரையை மாற்றிக்கொண்டன. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று இருந்தால், போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே உட்கார்ந்திருந்த காலம். 1952க்குப் பிறகு அந்த முத்திரைக்கு வேலை இல்லை. நீல நிறத்தில் குறுக்கு வாள் இரண்டு இருந்தால் கடைக்காரரின் குரலே மாறிவிடும். ஜெர்மனியிலுள்ள மைசன் பீங்கான் தொழிற்சாலை 1720களிலிருந்து போட்டுவரும் குறி அது. நானோ வாளைக் கண்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். உலகத்திலேயே அதிகமாகப் போலி செய்யப்பட்ட பீங்கான் குறிகளில் அதுவும் ஒன்று. பழையவற்றைப் பார்த்துச் செய்வதையே தொழிலாகக் கொண்டு 1845இல் பாரிஸில் சாம்சன் என்பவர் ஒரு பட்டறை தொடங்கினார். அந்தப் பட்டறைச் சரக்கே இன்று பழம்பொருளாகிவிட்டது.

அடி சொல்வது ஊரையும் காலத்தையும் மட்டும்தான். பொம்மை யார் என்று தெரிய வேண்டுமானால் கையைப் பார்க்க வேண்டும். இது நமக்குப் புதிதா என்ன? வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள், இரண்டு பக்கமும் யானை நீர் வார்த்தால் கஜலட்சுமி. நிலைக்கு மேலே சுதையில் வைத்திருப்பது யார் என்று எந்தச் செட்டிநாட்டுப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பாவிலும் இதே ஏற்பாடுதான். என்ன, அங்கே சாமிகள் மட்டுமில்லாமல் பருவம், புலன், கண்டம், நீதி, நம்பிக்கை, காலம் எல்லாவற்றுக்கும் ஆள் உருவம் கொடுத்துவிட்டார்கள். யார் கையில் எதைக் கொடுப்பது என்பதற்குக் கையேடே இருந்தது. சேசரே ரீப்பா என்ற இத்தாலியர் 1593இல் ரோமில் வெளியிட்ட 'இக்கோனாலஜியா' அது. 1603இல் படங்களோடு வந்தது. இருநூறு வருஷத்துக்கும் குறையாமல் ஓவியர்களும் சிற்பிகளும் அதைப் புரட்டிப் புரட்டித்தான் வேலை செய்தார்கள். தராசும் வாளும் நீதி, நங்கூரம் நம்பிக்கை, அரிவாளும் இறக்கையும் உள்ள கிழவர் காலம்.

இது தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நம் தெருவிலேயே பார்க்கலாம். ஒரு கடையில் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண், விரலில் கிளி. "வெள்ளைக்காரன் செய்த மீனாட்சி, ஆச்சி" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி, விலையை உயர்த்தி. மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில் கிளியைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? ஆனால் மீனாட்சியின் கிளி யாரையும் கொத்தாது. இந்தக் கிளி அவள் விரலைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. புருவத்தில் ஒரு சுளிப்புகூடத் தீட்டியிருந்தார்கள். ஐம்புலன்களில் தொடு உணர்வு அவள். கண்ணாடி பார்ப்பவள் பார்வை, யாழ் போன்ற வாத்தியம் மீட்டுபவள் செவி, பூவை மோந்துகொண்டிருப்பவள் மூக்கு, பழத்தைக் கையில் வைத்திருப்பவள் நாக்கு. மற்ற நான்கு பேரும் எங்கே என்று கேட்டேன். "இது ஒன்றுதான் வந்தது" என்றார். எப்போதும் ஒன்றுதான் வரும்.

இன்னொரு கடையில் பார்த்தவளை என்னால் மறக்க முடியவில்லை. தலையில் யானைத்தலையையே தொப்பியாகப் போட்டிருந்தாள். தும்பிக்கை நெற்றிக்கு மேலே தூக்கி நின்றது, பக்கத்தில் படுத்த சிங்கம். ராஜஸ்தான் மகாராணி என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். அவள் ஆப்பிரிக்கா. யானைத்தோல் தொப்பி ரோமானியர்கள் காசில் ஆப்பிரிக்காவுக்குப் போட்ட அடையாளம். அங்கிருந்து ரீப்பாவுக்கு வந்து, அங்கிருந்து பீங்கானுக்கு வந்தது. மைசனில் 1740களில் யோகான் யோவாகிம் கேண்ட்லர் செய்த நான்கு கண்டங்கள் பெயர்பெற்றவை. அமெரிக்கா முதலைமேல், இறகுக் கிரீடமும் கிளியுமாக. ஆசியா ஒட்டகத்தின்மேல், நறுமணப் புகைக்கலத்தோடு. கிளியை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு அமெரிக்காவின் கிளியும் ஒரு காரணம். ஐரோப்பா மட்டும் குதிரைமேல், முழுக்கக் கிரீடம், செங்கோல், உருண்டை சகிதம் இருப்பாள். மற்ற மூவருக்கும் மிருகமும் அந்தந்த மண்ணில் விளைவதும். இவளுக்கு மட்டும் ராஜாங்கம். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலும் வரும். அந்தக் கிரீடத்தின் நிழலில்தான் என் ஆயா வீட்டு ஐயா, அதாவது அம்மாவின் அப்பா, பர்மாவில் மோல்மேன் ஊரில் வட்டிக்கடை நடத்தினார் என்பதும் நினைவுக்கு வந்து, எரிச்சல் பாதியில் நின்றுவிடும்.

மைசன் கதையே ஒரு பேராசைக் கதை. பாட்கர் என்ற இளைஞன் தங்கம் செய்யத் தெரியும் என்று வாய்விட்டான். சாக்சனியை ஆண்ட பலசாலி அகஸ்டஸ் அவனைப் பிடித்து அடைத்துவைத்தார். தங்கம் வரவில்லை. 1708 வாக்கில் சீனத்துப் பீங்கானின் கூட்டு பிடிபட்டது. 1710இல் ஆல்பிரக்ட்ஸ்பர்க் கோட்டைக்குள் தொழிற்சாலை. ரகசியம் வெளியே போகாமலிருக்கக் கோட்டை. ஆனாலும் போனது, வேலைக்காரர்களோடு சேர்ந்து வியன்னாவுக்கும் வெனிஸுக்கும் போனது. 1731இல் கேண்ட்லர் வேலைக்குச் சேர்ந்தார்; 1775இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். விருந்து மேசையில் அதுவரை சர்க்கரையில் செய்து வைத்த உருவங்களுக்குப் பதில் அவருடைய பீங்கான் உருவங்கள் வந்தன. நம் கல்யாணச் சீர்வரிசையில் சீனிப்பாகை அச்சில் ஊற்றிப் பொம்மை செய்து அடுக்குவோமே, அதேபோலத்தான். அவர்கள் எறும்பு அரிக்காத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பார்க்க ஒரே துண்டாக இருக்கும் பொம்மை உண்மையில் பல துண்டு. தலை, கை, கூடை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு. எடுத்த துண்டுகளை அதே மண்ணைக் கரைத்த குழம்பால் ஒட்டி, மூட்டைச் சுரண்டி மறைத்து, சூளையில் வைப்பார்கள். 1,400 டிகிரியை ஒட்டிய சூட்டில் பொம்மை ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்த நேரத்தில் மண் இளகிச் சாயவும் பார்க்கும். நிற்கிற பொம்மைகளின் காலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மரக்கட்டை, ஒரு பாறை, ஒரு ஆட்டுக்குட்டி இருப்பதற்குக் காரணம் அதுதான். காட்சிக்காக என்று நினைப்போம், முட்டுக்கொடுக்க வைத்தது. உள்ளே காற்று அடைபட்டு வெடித்துவிடாமலிருக்க அடியிலோ முதுகிலோ ஒரு துளை இருக்கும். பாவாடை ஓரத்து லேஸுக்கு நிஜமான லேஸ் துணியையே மண்குழம்பில் தோய்த்து ஒட்டுவார்கள். சூளையில் நூல் எரிந்துபோகும், மண் அதன் வடிவத்தில் நின்றுவிடும். விரலால் தொட்டால் உதிரும். விற்பவர்கள் தொட்டுக் காட்டுவார்கள்.

இனி எங்கள் வீட்டுச் சங்கதி. ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போதெல்லாம் மங்குச் சாமான், கண்ணாடிச் சாமான் என்று பெட்டி பெட்டியாக வரும். அப்படி ஒரு தடவை, 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வருவதற்கு முன்பு, வைக்கோலில் சுற்றி வந்தவை நான்கு பொம்மைகள். சாண் உயரம். அடியில் நீலத்தில் இணைகோடு இரண்டும் குறுக்கே ஒரு கோடும் இருக்கும்; தூரத்திலிருந்து பார்த்தால் மைசன் வாள் என்றே தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் போட்டது. ஜெர்மனியின் துரிஞ்சியா மலைப்பகுதியில் சிட்சண்டார்ஃப் என்ற ஊரின் குறி அது. செட்டிநாட்டு வீடுகளில் நான் பார்த்தவை அநேகமாக இந்த வகைதான். ராஜா வீட்டு மேசைக்குச் செய்ததைப் பார்த்து, காசு உள்ள வியாபாரி வீட்டு அலமாரிக்குச் செய்தது. அதில் குறைவு ஒன்றுமில்லை. நாமும் காசு உள்ள வியாபாரிகள்தானே.

ஆத்தா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அம்மாவின் கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது வெள்ளிக்கும் பித்தளைக்கும் நடுவில் இந்த நான்கும் இருந்தன. பிறகு எங்கள் வீட்டு முகப்பில் கண்ணாடி பீரோவில் குடியேறின. நான்கு பருவங்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பூக்கூடைப் பெண்ணுக்கு ஆத்தா வைத்த பெயர் பூக்காரி. கோதுமைக் கதிரும் அரிவாளும் வைத்திருந்தவள் அறுப்புக்காரி. திராட்சைக் குலையும் கிண்ணமுமாகச் சிவந்த மூக்கோடு நின்ற பையன் குடிகாரன். விருந்தாளிகள் வந்தால் அவனைச் சற்றுப் பின்னால் தள்ளி வைப்பார். போர்வைக்குள் ஒடுங்கி, கணப்புச் சட்டியில் கை நீட்டிக்கொண்டிருந்த கிழவர் எங்களுக்குக் குளிர் தாத்தா. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். ஆத்தா வைத்த பெயர்களில் ஒன்றும் தப்பில்லை, அவரும் கையைப் பார்த்துத்தான் வைத்தார். காரும் கூதிரும் முன்பனியும் பின்பனியும் இளவேனிலும் முதுவேனிலும் என்று நாம் ஆறாகப் பிரித்ததை அவர்கள் நான்கில் முடித்துவிட்டார்கள். காரைக்குடிக்கு அதிலும் இரண்டு போதும். மே மாதத்து அக்கினி நட்சத்திரத்தில், மின்விசிறியும் நின்றுபோன மத்தியானத்தில், பீரோவுக்குள் அந்தத் தாத்தா மட்டும் தீக்காய்ந்துகொண்டிருப்பார். சின்ன வயதில் எனக்கு அவர்மேல் கோபம்.

ஆத்தா போனபிறகு சீர்ச் சாமானைப் பெண்கள் மூவரும் பிரித்துக்கொண்டோம். பித்தளை எடைக்கு எடை, வெள்ளி எடைக்கு எடை. நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதி, பெரியவர்கள் சாட்சியாக உட்கார்ந்து, ஒரு சத்தம் இல்லாமல் முடிந்தது. பொம்மைக்கு வந்ததும், அக்காமார் இருவரில் பெரிய ஆச்சி பூக்காரியை எடுத்தார்கள். சின்ன ஆச்சி அறுப்புக்காரியை எடுத்தார்கள். மிச்சத்தில் எனக்குத் தாத்தா. குடிகாரனுக்கு எப்போதோ வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. மூளியான சாமான் பங்குக்கு வராது, வீட்டிலும் வைக்கக்கூடாது என்றார்கள். விரிசல் விட்ட மங்குத் தட்டுகளோடு சேர்த்து, வாசலுக்கு வந்த ஒரு வியாபாரியிடம் ஒரே சாக்கில் போய்விட்டான். நான் அப்போது வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் அண்டா எண்ணிக்கொண்டிருந்தேன்.

பித்தளையைப் பிரித்த நியாயம் பீங்கானுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. குத்துவிளக்கு ஜோடியில் ஒன்றைக் கொடுத்தாலும் மிஞ்சியது விளக்காகவே இருக்கும், எரியும். பருவங்களில் ஒன்றை எடுத்தால் மிஞ்சுவது மூன்று பருவம் இல்லை. யாரோ ஒரு பூக்காரி, யாரோ ஒரு கிழவர். பூக்கூடை பூக்கூடையாகவே நின்றுவிடுகிறது, பக்கத்தில் கதிரும் திராட்சையும் நெருப்பும் இருந்தால்தான் அது வசந்தம். விலையிலும் அப்படித்தான். கை ஒடிந்த ஒருவனோடு நால்வரும் சேர்ந்திருந்தால் கிடைக்கும் மதிப்பு, முழுதாக இருக்கும் மூவருக்குக் கிடைக்காது. மூளி என்ற பேச்செல்லாம் வெளிநாட்டு ஏலக்காரர்களிடம் செல்லாது. இருநூறு வருஷத்துப் பொம்மைக்குப் பத்து விரலும் அப்படியே இருந்தால் அவர்கள் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்படுவார்கள்.

ஆகவே குடிகாரனைத் தேடுகிறேன். எனக்கு வழிகாட்டி, அடியில் ஈரமண்ணிலேயே கீறிய எண். மூன்று பொம்மைகளின் எண்களும் வரிசையாக வந்து நடுவில் ஒன்று விட்டுப்போகிறது; அந்த எண்தான் அவனுக்கு இருக்க வேண்டும். யாராவது கையை ஒட்டி விற்றிருக்கவும் கூடும். ஒட்டியதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நகக்கணுவால் மெல்லத் தட்டினால் முழுப் பீங்கான் கணீரென்னும், ஒட்டுப்போட்டது மொத்தென்னும். ரூபாய் நோட்டைச் சோதிக்கிற ஊதா விளக்கை இருட்டில் அடித்தால் புதுப் பூச்சும் பசையும் வேறு நிறத்தில் தெரியும். பல்லில் லேசாக வைத்துப் பார்த்தாலும் தெரியும். கண்ணாடிப் பூச்சு சில்லென்று வழுக்கும், பெயின்ட் மெத்தென்று இருக்கும். கடையில் பொம்மையைப் பல்லில் வைத்துப் பார்க்கிற ஒரே பெண்பிள்ளை நான்தான் போலிருக்கிறது.

கழுவுவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். புளியும் சாம்பலும் பித்தளைக்கு மட்டும். தங்கரேகை பூச்சுக்கு மேலே போட்டது, ஒரு தேய்ப்பில் போய்விடும். ஒட்டுப்போட்டதைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, பசை விட்டுவிடும். அடித்துளை வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் நாளாகும். பூச்சு இல்லாத மங்கல் வெள்ளைப் பொம்மை எண்ணெய்க் கையை அப்படியே குடித்துக்கொள்ளும். மெல்லிய மயிர்த் தூரிகையால் தூசு தட்டினால் போதும். தூக்கும்போது கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்து ஒட்டு என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.

பெரிய ஆச்சி பூக்காரியைத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் பேரன் பந்தடிக்கிற வீட்டில் அது பிழைக்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சின்ன ஆச்சிதான் மசியவில்லை. அறுப்புக்காரிக்குப் பதிலாக என் பங்குக்கு வந்த பித்தளை இட்லிக் கொப்பரையைக் கேட்கிறார்கள். எடை பார்த்தால் எனக்குப் பெரிய நஷ்டம். கொப்பரையைத் தருகிறேன், உள்தட்டுகளைத் தர மாட்டேன் என்றேன். "செட்டைப் பிரிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவள் நீதானே" என்று போனை வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேச வேண்டும்.